ஈய முத்திரையும் மஞ்சள் கயிறும்

எங்கள் வீட்டுக்கு ஒருகாலத்தில் சக்கரம் இருந்தது. இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மோட்டார் வண்டி வாங்கப் போகிற எவனாவது இதைப் படித்தால் ஒன்று செய்யட்டும். கடைக்காரன் ‘கேரண்டி உண்டு’ என்றதும் தலையாட்டாமல், எதற்கு உண்டு, எதற்கு இல்லை, என்ன செய்தால் இருந்ததும் இல்லாமல் போகும் என்று கேட்கட்டும். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம். எங்களுக்கு நாற்காலியே போடவில்லை.

அப்போது நானும் என் புருஷனும் ரங்கூனில் லான்மடாவ் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருந்தோம். அறை என்று சொல்லிக்கொள்வோம், பலகைத் தடுப்புதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் துறைமுகக் கூலிகள் பாயோடு பாய் உரசப் படுத்திருப்பார்கள். ஒருவன் வேலைக்கு எழுந்து போன பாயில், வேலை முடிந்து வந்தவன் அந்தச் சூடு ஆறும் முன் படுப்பான். அவர்களுக்கு நான் சோறு பொங்கிப் போட்டேன். என் புருஷன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கினார். அவர் ஊரிலிருந்து கப்பலில் வந்தவர். நான் ரங்கூனிலேயே பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். பர்மிய பாஷை தெருவில் தானாக வந்தது.

அந்த வருஷம் மழை முடியும் சமயத்தில் அவர் இருமினால் துணியில் ரத்தம் பட ஆரம்பித்தது. தர்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வங்காளி டாக்டர் முதுகில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் பர்மியத்தில் பேசினார். நான் இவருக்குத் தமிழில் சொன்னேன்.

“இனி மூட்டை தூக்கக் கூடாதாம். தூக்கினா அடுத்த மழைக்காலம் தாண்டமாட்டீங்களாம்.”

“தூக்காம என்ன திங்கிறதுன்னு கேளு.”

கேட்டேன். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வண்டி யோசனை அதிலிருந்துதான் வந்தது. அறுப்புக் காலத்தில் நம் ஆட்கள் கும்பல் கும்பலாகப் பெகு பக்கம் வயலுக்கும் அரிசி ஆலைக்கும் போவார்கள். அங்கே அவர்களுக்குச் சமைக்க ஆள் கிடையாது. பழைய சோறும் கருவாடும் தின்று வயிற்றால் போய்த் திரும்பி வருவார்கள். அடுப்பைச் சக்கரத்தில் ஏற்றி அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனால் என்ன? ஓட்டுவது தூக்குவது இல்லை. துறைமுகத்தில் சிட்டகாங் டிரைவர் ஒருவரிடம் இவர் ஏற்கெனவே வண்டி ஓட்டப் பழகியிருந்தார். ஆனால் அறைக்கு வாடகையும் கட்டி வண்டியும் வைத்துக்கொள்ள எங்களுக்கு வக்கில்லை. அதனால் வண்டியே வீடு என்று முடிவாயிற்று. என் நகை போனது. இவருடைய அண்ணன் சேர்த்து வைத்திருந்ததும் போனது. அண்ணன் லான்மடாவில் ஓர் அடகுக்கடையில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகாதவர், தம்பிமேல் உயிர். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன்.

மோட்டார் கம்பெனிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் கார்கள் பளபளத்தன. எங்களைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினது வெறும் எலும்புக்கூடு. சாசி என்பார்கள். நீள இரும்புச் சட்டம், எஞ்சின், நாலு சக்கரம், ஓட்டுகிறவன் உட்கார ஒரு பலகை. மேலே கூடு நாம் கட்டிக்கொள்ள வேண்டும். விற்கிற குமாஸ்தா மதராஸ்காரர். கோட்டு, தலைப்பாகை, விரலில் கல் மோதிரம்.

“கேரண்டி இருக்குங்களா?” என்று நான்தான் கேட்டேன்.

“ஏன் இல்லாம? மூணு மாசம்.”

“எதுக்குங்க கேரண்டி?”

“வண்டிக்குத்தாம்மா. வேற எதுக்கு, உனக்கா?”

அத்தானும் என் புருஷனும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குமாஸ்தா இங்கிலீஷில் அச்சடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேலே இரண்டு வரியைத் தமிழில் சொன்னார். இரும்பில் கம்பெனியின் குற்றம் இருந்தால் கம்பெனியே மாற்றிக் கொடுக்கும். கீழே பொடி எழுத்தில் பக்கம் முழுக்க இருந்தது.

“அதெல்லாம் என்னங்க?”

“அது வக்கீல் பேச்சு. உனக்கும் எனக்கும் வேண்டாம்.”

அந்தப் பொடி எழுத்தில் என்ன இருந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டயருக்குக் கேரண்டி இல்லை. விளக்குக்கு இல்லை. மேலே கட்டுகிற மரக் கூட்டுக்கு இல்லவே இல்லை, அது உடைந்து உள்ளே இருக்கிறவன் செத்தாலும் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை. சட்டத்தில் துளை போட்டால் எல்லாம் ரத்து. உடைந்த இரும்பைக் கம்பெனி கேட்கும் இடத்துக்கு நம் செலவில் கொண்டுபோக வேண்டும். குற்றமா இல்லையா என்று கம்பெனியே சொல்லும். அவன் வண்டிக்கு என்றது எலும்புக்கூட்டுக்கு. நாங்கள் வண்டி என்று நினைத்தது எங்கள் வீட்டை.

காகிதத்தை மடித்துக் கொடுத்த பிறகு குமாஸ்தா எஞ்சின் மூடியைத் தூக்கி ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு மூலையில் சின்னக் கம்பி முறுக்கி, அதன் முனையில் சுண்டைக்காய் அளவு ஈயம் நசுக்கியிருந்தது. அதில் எழுத்துக் குத்தியிருந்தது.

“இது என்ன?” என்றார் அத்தான். அவர் கண் எப்போதும் முத்திரையில்தான் போகும்.

“வேகத்தை அடக்கி வைக்கிற சாமான். மேலே இருக்கிறது கம்பெனி முத்திரை” என்று சொல்லி மூடியை இறக்கினார் குமாஸ்தா.

அவர் சொன்னது அவ்வளவுதான். தொடாதே என்று சொல்லவில்லை. அறுத்தால் கேரண்டி போச்சு என்று சொல்லவில்லை. கம்பெனி முத்திரை, அவ்வளவு.

கூடு கட்டினவர் சந்து முனையில் இருந்த சீன ஆசாரி. தேக்குப் பலகை. உள்ளே எதிரெதிரே இரண்டு படுக்கைப் பலகை, பின்னால் தகரம் அடித்த அடுப்பு மேடை, மேலே பாத்திரம் கட்ட வளையம். ஒரு பக்கச் சுவரில் இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு கதவு, மேலே தூக்கிக் கொம்பு கொடுத்து நிறுத்தலாம். அந்த வழியாகத்தான் பரிமாறுவது. ஏறி இறங்கப் பின்னால் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் வாசல். ஆசாரி சட்டத்தில் துளை போடவில்லை, வளைத்த இரும்புப் பட்டையால் கவ்வ வைத்தார். துளையிடும் அலகு தேய்ந்து போயிருந்தது, புதிது வாங்க அவருக்கு மனசில்லை. கருமித்தனம். அந்தக் கருமித்தனத்தால் ஒரு கண்டம் தப்பியது, எங்களுக்குத் தெரியாமலே.

வீடு முடிந்ததும் கோயிலுக்குப் பூஜைக்குக் கொண்டுபோனோம். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். குருக்கள் எஞ்சினுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் அத்தான் கையை நீட்டித் தடுத்தார்.

“சாமி, கொஞ்சம் பொறுங்க. இதுல இன்னும் அவங்க முத்திரை இருக்கு.”

“இருந்தா என்னண்ணே?” என்றார் என் புருஷன்.

“என்னடா இப்படிக் கேக்கற? முத்திரை இருக்கிற வரைக்கும் பொருள் யாரோடது? கடைக்காரனோடது. மீட்க வந்தவன் கண்ணு முன்னாடி முத்திரைய உடைச்சுக் கையில குடுத்தாத்தான் அது அவனோடது. அடுத்தவன் பொருளைக் கொண்டாந்து சாமி முன்னாடி நிறுத்துவியா?”

அடகுக்கடையில் அப்படித்தான். நகையைத் துணியில் முடிந்து அரக்கு வைப்பார்கள். மீட்கிற அன்று சொந்தக்காரர் கண் எதிரே அரக்கை உடைப்பார்கள். உடைக்காத முடிச்சை யாரும் கையில் வாங்க மாட்டார்கள். அத்தான் வாழ்நாள் முழுக்க அதைச் செய்தவர். அவருக்கு உலகத்தில் உள்ள முத்திரை எல்லாம் ஒன்றுதான்.

“முழுசும் குடுத்தாச்சுல்ல? அப்புறம் என்ன அவன் முத்திரை?” என்று சொல்லிக்கொண்டே மடியிலிருந்து குறடு ஒன்றை எடுத்தார். கம்பி அறுந்தது. அந்த இடத்தில் மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் கட்டினார். குருக்களும் மணி அடித்தார். ஈயத்தை அத்தான் எறியவில்லை, வேட்டி முனையில் முடிந்துகொண்டார்.

“இப்ப இது நம்ம வீடு” என்று தம்பி முதுகில் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

அறையைக் காலி செய்தோம். வயலில் நெற்கதிர் சாயும்போதே பெகு சாலையில் போய்ச் சேர்ந்தோம். விடியும் முன்னே நான் உலை வைப்பேன். வெளிச்சம் வந்ததும் அவர் பக்கக் கதவைத் தூக்குவார், ஆட்கள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். “என்னக்கா, வீட்டையே ஓட்டிக்கிட்டு வந்துட்ட. வாசல்ல கோலம் போட்டா அடுத்த ஊர்ல போய்ப் பாக்கணுமா?” என்பான் ஒருவன். “நீ முதல்ல தட்டைக் கழுவிக்கிட்டு வா” என்பேன். வயல் காற்றில் அவர் இருமல் குறைந்தது. துணியில் ரத்தம் நின்றது. முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. இவர் பிழைத்துக்கொள்வார் என்று நான் நம்பினேன். டாக்டரும் கடவுளும் சொன்னபடி மூட்டை தூக்காமல் இருக்கிறார், இனி என்ன என்று நினைத்தேன்.

அறுப்பு பாதிகூட முடியவில்லை. ஒரு மதகின் மேல் ஏறி இறங்கும்போது பின்னால் கட்டை முறிகிற மாதிரி சத்தம். எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. கீழே படுத்துப் பார்த்துவிட்டு வந்து அவர் சொன்னார்.

“அச்சு முறிஞ்சிருச்சு, புள்ள.”

“கேரண்டி இருக்குல்ல?”

“இருக்கு. இன்னும் மாசம் இருக்கு.”

அதைச் சொல்லும்போது அவர் பயப்படவில்லை. நானும் பயப்படவில்லை. பர்மிய வண்டிக்காரர் ஒருவரின் மாடுகளைப் பூட்டி வீட்டை ரங்கூனுக்கு இழுத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் அவர் தன் மாடுகளிடம் பேசிக்கொண்டே வந்தார். “பாருங்கடா, உங்களுக்குத் தொழுவம்கூட இல்லை, இவங்க வீட்டையே உங்களை இழுக்க வைக்கிறாங்க” என்றார். நானும் சிரித்தேன்.

கம்பெனிப் பட்டறையில் வெள்ளைக்கார மேஸ்திரி அச்சைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முறிந்த முகத்தில் பாதி வெள்ளையாக மினுங்கியது, பாதி கறுத்துக் கிடந்தது. அவர் ஏதோ சொன்னார். குமாஸ்தா முகம் மலர்ந்து தமிழில் சொன்னார்.

“உள்ளேயே பழைய கீறல் இருந்திருக்காம். செய்யறப்பவே வந்த குத்தம். உங்க மேல தப்பு இல்ல. புதுசு போட்டுத் தருவாங்க.”

சட்டத்தின் மேல் கையை ஓட்டிப் பார்த்து, துளை எதுவும் இல்லை என்று மேஸ்திரி தலையாட்டினார். என் புருஷன் கும்பிட்டார். மேஸ்திரி எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொள்ள மூடியைத் தூக்கினார். அப்படியே நின்றார். பிறகு ஒரு விரலால் மஞ்சள் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். சிரித்தாரா முறைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அச்சைத் தரையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

“என்ன சொன்னாரு?” என்றேன்.

குமாஸ்தா கழுத்தைச் சொறிந்தார். “முத்திரை எங்கே?”

“பூஜையில எடுத்துட்டோம்.”

“எடுத்துட்டீங்களா? அம்மா, முத்திரை இல்லைன்னா கேரண்டி இல்ல. காகிதத்துலயே இருக்கே.”

“முறிஞ்சது பின்னாடி அச்சு. அதுக்கும் முன்னாடி இருக்கிற ஈயத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லதான்.”

“அச்சுல உங்க குத்தம்னு உங்க ஆளே சொன்னாரு.”

“சொன்னாரு. நானும் கேட்டேன்.”

“அப்புறம்?”

“முத்திரைய அறுத்தவன் வேகத்தைக் கூட்டியிருப்பான்னு கம்பெனி எடுத்துக்கும். நீங்க கூட்டலைன்னு எனக்குத் தெரியுது. எழுதி வச்சிருக்கிறது அப்படி.”

“அதை அன்னைக்கு ஏன் படிக்கல?”

“நீங்க கேக்கலியே” என்றார்.

நான் கேட்டிருந்தேன். அவர் எதிரிலேயே நின்று, அதெல்லாம் என்ன என்று கேட்டிருந்தேன். அதைச் சொன்னேன், இன்னும் சிலதும் சொன்னேன். எழுத முடியாத சொற்கள். அவர் கல் மோதிரத்தைத் திருகிக்கொண்டு நின்றார்.

விஷயம் தெரிந்து அத்தான் அடகுக்கடையிலிருந்து மேல்சட்டை இல்லாமல் ஓடி வந்தார். வேட்டி முனையை அவிழ்த்து அந்த ஈயத்தை எடுத்து நீட்டினார். இத்தனை நாளும் மடியிலேயே வைத்திருந்திருக்கிறார்.

“இதோ இருக்குங்க முத்திரை. தொலைக்கல. எழுத்துகூட அழியல, பாருங்க. திருப்பிக் கட்டிக்கிடுங்க.”

“ஒருதரம் அறுத்தது அறுத்ததுதான் பெரியவரே.”

“நாங்க முழு விலையும் குடுத்தோம்ல? வண்டி எங்களோடது. எங்க வண்டில முத்திரை எதுக்குங்க இருக்கணும்?”

“வண்டி உங்களோடதுதான். கேரண்டி அவங்களோடது.”

அத்தானுக்கு அது விளங்கவில்லை. கையை நீட்டியபடியே நின்றார். பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “வாண்ணே, போவலாம்” என்று என் புருஷன்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

புது அச்சு கடல் தாண்டி வர வேண்டும். அதன் விலைக்கு எங்களிடம் விற்க எதுவும் மீதி இல்லை. ஒரு கொல்லரிடம் பழைய அச்சைக் காய்ச்சி ஒட்ட வைத்தோம். ஊர் எல்லையைத் தாண்டும் முன்னே மறுபடி முறிந்தது. அத்தான் தன் முதலாளியிடம் போய் வண்டியை அடகு வைக்கிறேன் என்று கேட்டார். “முத்திரை உடைச்ச பொருளோட நம்ம கடைக்குச் சம்பந்தம் இல்லியேப்பா, நீதானே எல்லாருக்கும் சொல்லுவே” என்றாராம் முதலாளி. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். அத்தானே வந்து சொன்னார்.

இதற்குள் அறுப்பு முடிந்துவிட்டது. வயலுக்குப் போன ஆட்கள் திரும்பி வந்தார்கள். நாங்கள் காலி செய்த அறையில் வேறு பாய்கள் விழுந்திருந்தன. கடைசியில் கம்பெனியே எலும்புக்கூட்டைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டது. கூடு அவர்களுக்கு வேண்டாம். சீன ஆசாரி பட்டைகளைக் கழற்றினார். ஆட்கள் சேர்ந்து கூட்டைத் தூக்கிப் பசுண்டாங் ஓடைக் கரையில் செங்கல் அடுக்கி வைத்தார்கள். அதில் குடியிருந்தோம். முன்பக்கம் எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு பொந்து. அதைக் கோணியால் அடைத்தேன்.

அவர் மறுபடி துறைமுகத்துக்குப் போனார்.

நான் தடுத்தேனா என்று கேட்பார்கள். தடுத்தேன். கரையில் இட்லி சுட்டு விற்றேன். அது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். “அரை மூட்டைதான் புள்ள தூக்கறேன்” என்பார். துறைமுகத்தில் யாரும் அரை மூட்டை தைப்பதில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். மழை வந்ததும் ஓடைத் தண்ணீர் செங்கல் வரை ஏறியது. பலகைக்கு அடியில் சளக் சளக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் அவர் இருமல். டாக்டர் சொன்ன கணக்கு தப்பவில்லை. அந்த மழைக்காலம் முடியும் முன்னே ஒரு காலையில், நான் மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது, படுக்கைப் பலகையில் அவர் அடங்கிப் போனார்.

பின்வாசல் ஓர் ஆள் ஒருக்களித்து நுழைவதற்குக் கட்டினது. படுத்திருக்கிறவரை அந்த வழியாகக் கொண்டுபோக முடியவில்லை. எப்படித் திருப்பினாலும் முட்டியது. கடைசியில் பரிமாறுகிற கதவைத் தூக்கிக் கொம்பு கொடுத்தார்கள். அந்த வழியாகத்தான் அவரை வெளியே நீட்டினார்கள். அத்தான் தலைமாட்டைத் தாங்கிக்கொண்டார். அதுவரை அவர் அந்தக் கூட்டுக்குள் ஒருநாளும் நுழைந்தது கிடையாது. வருவார், வெளியே நின்று தம்பியிடம் பேசுவார், போவார். “உள்ள வாங்க அத்தான்” என்று நானும் கூப்பிட்டதில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் டவுனில் அந்த எலும்புக்கூட்டைப் பார்த்தேன். கம்பெனி புது அச்சு போட்டு, பஸ் கூடு கட்டி எவனுக்கோ விற்றிருக்கிறது. மூடியில் ஒரு நெளிவு உண்டு, மாடு கட்டி இழுத்து வந்தபோது பட்டது. அதை வைத்து அடையாளம் தெரிந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு நன்றாகத்தான் ஓடியது. உள்ளே புது ஈயம் நசுக்கியிருப்பார்கள். புதிதாக வாங்கினவனிடமும் மூன்று மாசம் என்று சொல்லியிருப்பார்கள்.

அத்தான் ஊருக்குக் கப்பல் ஏறும் முன் வந்தார். வேட்டி முனையை அவிழ்த்து அந்த ஈயத்தை என் அடுப்பு மேடையில் வைத்தார்.

“இதை நான் எடுத்துட்டுப் போக முடியாதும்மா.”

“எனக்கு மட்டும் எதுக்கு?”

அவர் அதைத் திருப்பி எடுக்கவில்லை. நின்றார். நான் இட்லியை எடுத்து இலையில் வைத்து நீட்டினேன். வாங்கித் தின்றார். கை கழுவிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

ஓடையில் வலை வீசுகிற பர்மியர் ஒருவர் காலையில் என்னிடம் இட்லி வாங்குவார். வலையின் அடி ஓரத்தில் ஒரு குண்டு குறைகிறது, வலை ஒரு பக்கம் மிதக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஈயத்தை எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்து, இதில் ஏதோ எழுதியிருக்கிறதே என்றார். ஒன்றுமில்லை, கட்டிக்கொள் என்றேன். பல்லால் கடித்து நெளித்து வலையில் கோத்துக்கொண்டார். மூழ்கியது.